வார்னிஷ் காயாத காயில்

1. எட்டு இருபத்தைந்து

திங்கட்கிழமை காலை எட்டு மணி இருபத்தைந்து நிமிடம். கடையைத் திறந்து கூட்டிவிட்டு, தண்ணீர் மோட்டார் ஒன்றைப் பிரிக்க உட்கார்ந்திருந்தேன். பக்கத்து டீக்கடை முருகேசன் டீயைக் கொண்டுவந்து மேசை மேல் வைத்தார். வைத்த கையோடு போகவில்லை.

“கொடுத்து வச்சவுகக்கா நீங்க. நேத்து நாகல் நகரே வெந்து செத்துச்சு. நீங்க விசேஷத்துக்குப் போயி பிரியாணி தின்னுட்டு வந்துட்டீக.”

“ஏன் முருகேசா, என்ன ஆச்சு?”

“என்ன ஆச்சா? காலையில எட்டு மணிக்குப் போன கரண்டு சாயங்காலம் நாலு மணிக்குத்தான் வந்துச்சு. டிரான்ஸ்பார்மர்ல என்னமோ வேலையாம். ஃபிரிட்ஜுல வச்ச பாலு பூரா திரிஞ்சு போச்சு.”

டீயை நான் தொடவில்லை. கண் தானாக மூலையில் இருந்த, காயில் காயவைக்கும் பல்ப் பெட்டிக்குப் போனது. அதன் மூடியில் என் கையெழுத்தில் ஒரு சீட்டு ஒட்டியிருந்தது. ‘ஞாயிறு காலை 6 முதல் மாலை 6 வரை.’ பன்னிரண்டு மணி நேரம் என்று சீட்டு சொன்னது. பல்ப் எரிந்தது நான்கு மணி நேரம்.

அந்தப் பெட்டியிலிருந்து எடுத்த காயில் அப்போது என் மகள் ஜான்சியின் ஸ்கூட்டருக்குள் இருந்தது. அவள் ஏழே காலுக்குக் கிளம்பிச் சிறுமலை ஏறிக்கொண்டிருந்தாள்.

காயில் கட்டும் வேலைக்குப் புதிதாக வருகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். வருஷங்கள் ஓடிவிட்டன. இன்றைக்கும் கரண்ட் போனால் எல்லோரும் விசிறியைத் தேடுவார்கள்; எனக்கு முதலில் கண் அந்தப் பெட்டிக்குப் போகும்.

2. மஞ்சள் நூல்

நான் பி.எஸ்ஸி. இயற்பியல் படித்தவள். கல்யாணமாகி வந்த இடத்தில் படிப்புக்கேற்ற வேலை கிடைக்கவில்லை. என் கணவர் சவரிமுத்து இரு சக்கர வண்டி மெக்கானிக். கடையின் முன்பக்கம் அவருக்கு. பின்பக்கம் எனக்கு. ஃபேன், மோட்டார், வண்டி மேக்னெட் என்று எரிந்துபோன காயில்களை அவிழ்த்துப் புதுக் கம்பி சுற்றிக் கொடுப்பேன். புதிதாக வருகிறவர்கள் என்னைத் தாண்டி எட்டிப் பார்த்து, “காயில் கட்டுற அண்ணன் இல்லீங்களா?” என்பார்கள். “அண்ணன் முன்னாடி டயர் கழட்டிக்கிட்டு இருக்காரு, காயில் கட்டுற அண்ணி நான்தான்” என்பேன்.

ஜான்சி ஆசிரியர் பயிற்சி முடித்து, மலையில் ஒரு பள்ளியில் தற்காலிக வேலையில் சேர்ந்து நான்கு மாதம் ஆகியிருந்தது. காலை ஆறு மணி பஸ்ஸில் போனால் மாலையில் இறங்க ஏழு மணிக்குத்தான் பஸ். அதனால் பழைய ஸ்கூட்டர் ஒன்று வாங்கிக் கொடுத்தோம். அறுபது சி.சி. சின்ன வண்டி. உள்ளே பாயிண்ட் என்ற தொடுமுனை திறந்து மூடிப் பொறி தரும் பழைய இக்னிஷன். மலைப் பனியில் பாயிண்டில் ஈரம் கோத்துக்கொள்ளும். வாரத்தில் இரண்டு நாள் பள்ளிக்கூட வாசலில் பிள்ளைகள்தான் தள்ளிவிட வேண்டியிருந்தது.

“பாயிண்ட்டைத் தூக்கிப் போட்டுட்டு சி.டி.ஐ. மாத்திருவோம்” என்றார் இவர். சி.டி.ஐ. என்பது பாயிண்ட் இல்லாமலே பிளக்குக்குப் பொறி அனுப்பும் சின்னப் பெட்டி. அதே கம்பெனியின் பிந்தைய மாடல் வண்டி ஒன்று பழைய இரும்புக் கடையில் கிடந்தது. அதிலிருந்து மேக்னெட், காயில் பிளேட், சி.டி.ஐ. எல்லாவற்றையும் கழற்றி வந்து வெள்ளிக்கிழமை மாட்டினார்.

வண்டி நான்காவது உதையில் ஸ்டார்ட் ஆனது. ஆக்ஸிலேட்டரை முறுக்கினால் இருமியது. பிளக்கைக் கழற்றி எஞ்சின் மேல் வைத்து உதைத்துப் பார்த்தார். சி.டி.ஐ. போட்ட வண்டியில் பொறி நீலமாக, ‘சட் சட்’ என்று சத்தத்தோடு விழ வேண்டும். இங்கே மஞ்சளாக, நூல் போல ஒன்று வந்து போனது.

அங்கிருந்து ஒன்றொன்றாகப் பார்த்தோம். புது பிளக் போட்டோம், அதே நூல். பிளக் மூடியைக் கழற்றி வெறும் வயரைக் காட்டினோம், அதே நூல். சாவி ஸ்விட்சுக்குப் போகும் வயரைப் பிரித்துவிட்டுப் பார்த்தோம். மாற்றமில்லை. போன மாதம்தான் வண்டிக்கு பெயிண்ட் அடித்திருந்தார். பிளக்குக்கு உயர் மின்னழுத்தம் அனுப்பும் எச்.டி. காயிலின் போல்ட்டு அந்த பெயிண்ட் மேலேயே உட்கார்ந்திருந்தது. எர்த் எப்படிக் கிடைக்கும்? சுரண்டிவிட்டு, எஞ்சினிலிருந்து தனி எர்த் வயரும் இழுத்தேன். நூல் கொஞ்சம் தடித்தது, அவ்வளவுதான்.

பிறகு இன்னொன்று கண்ணில் பட்டது. பழைய எச்.டி. காயிலையே விட்டு வைத்திருந்தார்.

“ஏங்க, இது பாயிண்ட் வண்டி காயில்ல?”

“ஒரிஜினல்ம்மா. கம்பெனியில இருந்து வந்தப்ப வச்சது. நல்லாத்தானே இருக்கு.”

“மாமியா வீட்டுச் சீதனம் மாதிரி விடமாட்டேங்கிறீகளே. சி.டி.ஐ.க்கு வேற காயில். மாத்துங்க.”

மாற்றினார். கொஞ்சம் தேறியது. ஆனாலும் நீலம் வரவில்லை. மிச்சம் இருந்தது ஒன்றுதான். சுழலும் மேக்னெட்டுக்கு உள்ளே உட்கார்ந்து சி.டி.ஐ.க்குக் கரண்ட் கொடுக்கும் சோர்ஸ் காயில். மீட்டர் வைத்தேன். இருக்க வேண்டிய அளவில் பாதிகூடக் காட்டவில்லை. உள்ளே சுற்றுக்குச் சுற்று ஒட்டி ஷார்ட் ஆகியிருந்தது.

“திங்கக்கிழமை எப்படியும் மதுரைக்குச் சாமான் வாங்கப் போறேன். புதுசு வாங்கிட்டு வாரேன். செவ்வாக்கிழமை மாட்டிக்கலாம்” என்றார் இவர்.

“ஊரான் வண்டிக்கெல்லாம் கட்டிக் கொடுக்கிறேன், எம்மக வண்டிக்குக் கட்டத் தெரியாதா எனக்கு?” என்றேன்.

3. பெட்டியும் சீட்டும்

சோர்ஸ் காயிலுக்குப் போடும் கம்பி தலைமயிர் மாதிரி இருக்கும். ஆயிரக்கணக்கான சுற்று. சனிக்கிழமை மதியம் முழுக்க உட்கார்ந்து சுற்றினேன். ஓர் இடத்தில்கூட அறவில்லை. தின்னர் கலந்த வார்னிஷில் முக்கி, வடிய விட்டு, ஞாயிறு காலை பெட்டியில் வைத்தேன்.

பெட்டி என்றால் பெரிய சாதனம் ஒன்றும் இல்லை. உள்ளே தகரம் அடித்த மரப்பெட்டி. இரண்டு நூறு வாட்ஸ் பல்ப். அந்தச் சூட்டில் பன்னிரண்டு மணி நேரம் இருந்தால் வார்னிஷ் அடிச்சுற்று வரை காய்ந்து கெட்டியாகும். வைத்த நேரத்தையும் எடுக்க வேண்டிய நேரத்தையும் சீட்டில் எழுதி மூடியில் ஒட்டுவது எங்கள் கடை வழக்கம். ஜான்சி சின்னப் பிள்ளையாக இருந்தபோது அந்தச் சீட்டை எழுதுவது அவள் வேலை. பெட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்துதான் வீட்டுப்பாடமும் எழுதுவாள்.

பல்ப்பை எரியவிட்டுக் கடையைப் பூட்டிவிட்டு, காலைப் பூசை முடித்து, கீரனூரில் கொழுந்தனார் மகன் முதல் நற்கருணை வாங்கிய புதுநன்மை விருந்துக்குப் போனோம். திரும்பி வந்து நான் கடையைத் திறந்தபோது சுவரில் மணி ஆறே கால். அது பேட்டரியில் ஓடும் கடிகாரம். பல்ப் எரிந்துகொண்டிருந்தது. பெட்டி சுட்டது. காயிலைத் தொட்டுப் பார்த்தேன், ஒட்டவில்லை.

இவர் மூக்கருகே கொண்டுபோய் முகர்ந்தார்.

“தின்னர் வாசம் அடிக்குதே மேரி. இன்னொரு நாள் கிடக்கட்டுமே.”

“கடை பூரா அந்த வாசம்தான் அடிக்குது. பன்னெண்டு மணி நேரம் ஆச்சுங்க. சீட்டைப் பாருங்க.”

அவர் சீட்டைப் பார்த்தார். காயிலை என் கையில் கொடுத்துவிட்டார். இத்தனை வருஷத்தில் என் சீட்டு பொய் சொன்னதில்லை.

திங்கள் காலை ஐந்தரைக்கு மாட்டினோம். ஒரே உதை. பிளக்கில் நீலப் பொறி ‘சட் சட்’டென்று விழுந்தது. ஜான்சி கை தட்டினாள். “அம்மா கட்டுனதுன்னா சும்மாவா?” என்று சொல்லிவிட்டு டிபன் பையைக் கொக்கியில் மாட்டிக்கொண்டு கிளம்பினாள். இவர் மதுரை பஸ் பிடித்தார்.

நாங்கள் பார்த்தது குளிர்ந்த எஞ்சினில். அந்தக் காயிலுக்கு மேல் தோல் மட்டும் காய்ந்திருந்தது. அடியில் தின்னர் இறங்காமல் நின்றது. எஞ்சின் சூடேறினால் உள்ளே இருக்கும் ஈரம் இளகும். கம்பியின் பூச்சையும் இளக்கும். சுற்றுக்குச் சுற்று கரண்ட் கசியும். பொறி மறுபடி மஞ்சள் நூலாகும். சமதளத்தில் என்றால் இருமி இருமியாவது போய்ச் சேரலாம். சிறுமலைக்குப் பதினெட்டு கொண்டை ஊசி வளைவு.

4. செக்போஸ்ட்

ஜான்சியின் செல்லுக்கு அடித்தேன். தொடர்பு எல்லைக்கு வெளியே. வளைவு ஏற ஆரம்பித்தால் டவர் கிடைக்காது என்று தெரியும். தெரிந்தும் ஐந்து முறை அடித்தேன். பிறகு இவரைக் கூப்பிட்டுக் கரண்ட் போன விஷயத்தைச் சொன்னேன்.

“பதறாத மேரி. வண்டி நின்னா நிக்கும், அம்புட்டுத்தான். நின்னா உசுரா போயிரும்?”

“ஏத்தத்துல வளைவுல நின்னா? மேல இருந்து லோடு வண்டி வந்தா? பனி வேற இருக்குங்க.”

அந்தப் பக்கம் ஹாரனுக்கு நடுவே பஸ்ஸை நிறுத்தச் சொல்வது கேட்டது. பிறகு சொன்னார்: “நீ செக்போஸ்ட்டுக்குப் போ. நான் அடுத்த பஸ் ஏறி வாரேன்.”

வாசம் அடிக்குதுன்னு நான் சொன்னேனே என்று அவர் கேட்கவில்லை. கேட்டிருந்தால் தாங்கியிருப்பேன்.

ஆட்டோ மலையடி வரைதான் வந்தது. “இந்த வண்டி மேல ஏறாதுக்கா, ரெண்டு பேருமா தள்ளணும்” என்று சொல்லிவிட்டு ஆட்டோக்காரர் திரும்பிவிட்டார். செக்போஸ்ட்டில் வனத்துறை கார்டு ஒருவர் இருந்தார். மணி ஒன்பதே கால். பழைய ஸ்கூட்டரில் ஒரு பெண் போனாளா என்று கேட்டேன்.

“டீச்சர் பொண்ணா? ஏழே முக்காலுக்கு ஏறுச்சே. நல்லாத்தான் போச்சு.”

“மேல போக எதாச்சும் வண்டி வருமாண்ணே?”

“சந்தை நாளும்மா. காலையில எல்லாம் வாழைத்தார் ஏத்தி இறங்குற வண்டிதான். ஏறுறதுக்குப் பதினோரு மணி பஸ்ஸுதான்.”

“நான் நடந்து போறேன்.”

“என்னம்மா வெளையாடுறியா? போன வாரம் நாலாவது வளைவுல காட்டுமாடு ஒரு ஆளைத் தூக்கிப் போட்டுருச்சு. நீ போனா அப்புறம் உன்னையத் தேடி நான் வரணும். செத்த நேரம் உக்காரு.”

உட்காரவில்லை. இறங்கி வரும் வண்டியை எல்லாம் கை காட்டி நிறுத்தினேன்.

முதல் ஜீப்காரர் சொன்னார்: “ஆறாவது வளைவுல நின்னுச்சு தாயி. பிளக்கைக் கழட்டிக் கையில வச்சிருந்துச்சு. ஒதவி வேணுமான்னேன். ‘வேண்டாண்ணே, ஆறட்டும்’னுச்சு.”

ஆறட்டும். வண்டி எதனால் நிற்கிறது என்பதில் பாதியை அவள் கண்டுபிடித்துவிட்டாள்.

இரண்டாவது வண்டி சின்ன லாரி. மணி பத்து ஆகப் போகிறது. “பதினொண்ணாவது வளைவுல பார்த்தேன். எஞ்சின்ல ஈரத்துணியைப் போட்டுட்டு ஓரமா நின்னுச்சு. ‘திரும்பிப் போயிரு பாப்பா’ன்னேன். ‘பள்ளிக்கூடத்துல ஒரே டீச்சர்ண்ணே, மேலதான் போகணும்’னுச்சு. பனியம்மா மேல. பத்தடிக்கு அங்கிட்டு ஒண்ணும் தெரியல.”

பதினொன்று. இன்னும் ஏழு வளைவு. ஒவ்வொரு முறையும் ஆறவைத்து, ஒன்றிரண்டு வளைவு ஏறி, மறுபடி நின்று. நான் மனசுக்குள் எண்ணிக்கொண்டு நின்றேன். பன்னிரண்டில் நிற்பாள். பதினான்கில் நிற்பாள். ஒவ்வொரு சூட்டுக்கும் காயில் இன்னும் கொஞ்சம் கெடும். ஆறும் நேரம் கூடிக்கொண்டே போகும். இதெல்லாம் எனக்குத் தெரிந்த பாடம். கல்லூரியில் படித்தது பாதி, கையால் படித்தது பாதி.

மூன்றாவது ஜீப் வந்தது பத்தே முக்காலுக்கு. டிரைவர் எனக்குப் பதில் சொல்லாமல் முதலில் கார்டைப் பார்த்தார்.

“பதினாலாவது வளைவுல ஒரு ஸ்கூட்டர் ஸ்டாண்டு போட்டு நிக்குது சார். சோத்துப் பை கொக்கியில தொங்குது. ஆளைக் காணோம்.”

“ஆளைக் காணோம்னா?” என்றேன்.

“ஹாரன் அடிச்சுப் பார்த்தேன்மா. கூப்புட்டும் பார்த்தேன். யாரும் இல்ல. அதுக்கு முன்னாடி ஒரு ஜீப்பு என்னையத் தாண்டி மேல ஏறுச்சு. பனியில யாரு என்னன்னு தெரியல.”

கார்டு நாற்காலியிலிருந்து எழுந்தார். “எந்த ஜீப்பு? காலையில இருந்து இந்தக் கேட்டைத் தாண்டி ஒரு ஜீப்பும் மேல போகலையேப்பா.”

அதற்குப் பிறகு இருவரும் பேசியது எனக்குக் கேட்கவில்லை. கேட் கம்பியைப் பிடித்துக்கொண்டேன். கொக்கியில் தொங்கும் சாப்பாட்டுப் பை மட்டும் கண்ணுக்குள் நின்றது. காலையில் தயிர்ச்சாதமும் உருளைக்கிழங்கு வெஞ்சனமும் நான் கட்டிக் கொடுத்தது. எங்கே போவதாக இருந்தாலும் சோற்றுப் பையை விட்டுப் போகிற பெண் இல்லை அவள்.

கார்டு வாக்கி டாக்கியில் மேலே யாரையோ கூப்பிட்டார். இரைச்சல்தான் வந்தது. “பஸ்ஸு வரட்டும், நானே கூட வாரேன்மா” என்றார். அதுவரை அதட்டிக்கொண்டிருந்தவர் குரலை இறக்கிப் பேசியதும்தான் எனக்குப் பயம் முழுசாக வந்தது. ஜெபமாலை பர்ஸில் இருந்தது. எடுத்தேன். அருள் நிறைந்த மரியே என்பதற்குமேல் வாய் போகவில்லை. எட்டிலிருந்து நாலு வரை, எட்டிலிருந்து நாலு வரை என்றுதான் ஓடிக்கொண்டிருந்தது.

இந்த இடத்தில், நான் கற்றுக்கொண்டதைச் சொல்லிவிடுகிறேன். இதற்குப் பின்னால் சொன்னால் யாரும் கவனிக்க மாட்டீர்கள்.

காயில் காய்ந்ததா என்பதை விரலால் தொட்டுத் தீர்மானிக்காதீர்கள். விரலுக்குத் தெரிவது மேல் சுற்று. குளிர்ந்த காயிலில் மீட்டர் வைத்து ‘சரி’ என்று கொடுத்துவிடாதீர்கள். சூடு பண்ணி, அந்தச் சூட்டிலேயே அளந்து பாருங்கள். வண்டியில் மாட்டினால் கால் மணி நேரம் ஓடவிட்டு, அதன்பிறகு பொறியைப் பாருங்கள். கூட வேலை செய்கிறவர் வாசம் அடிக்கிறது என்று சொன்னால் சீட்டைக் காட்டி வாயை அடைக்காதீர்கள். சீட்டில் இருந்தது நான் நினைத்த நேரம்.

அந்த வாரமே பேட்டரி கடிகாரத்தை வீட்டுக்குக் கொண்டுபோனேன். கரண்டில் ஓடும் பழைய கடிகாரம் ஒன்றைத் தேடி வாங்கி, பல்ப்புக்குப் போகும் அதே வயரில் இணைத்துப் பெட்டி மேல் வைத்தேன். பல்ப் அணைந்தால் அதுவும் நிற்கும். ஊருக்கு எத்தனை மணியானாலும், அது பல்ப் எரிந்த நேரத்தை மட்டும்தான் காட்டும். கடைக்கு வருகிறவர்கள், “அக்கா, கடிகாரம் தப்பா ஓடுது” என்பார்கள். “அதுதான் சரியா ஓடுது” என்று சொல்லிவிட்டு வேலையைப் பார்ப்பேன்.

5. பதினொன்று பத்து

பஸ் இன்னும் வரவில்லை. வளைவில் ஒரு ஜீப் திரும்பியது. பின்னால் வாழைத்தார் அடுக்கு. அந்தத் தார்களின் மேல், கயிறு போட்டுக் கட்டி, ஜான்சியின் ஸ்கூட்டர் படுத்திருந்தது.

முன் சீட்டைப் பார்த்தேன். டிரைவர் மட்டும்தான்.

ஜீப் நிற்பதற்கு முன்பே ஓடிப்போய் கதவைப் பிடித்துக்கொண்டேன். “எம்மக எங்க?” என்றேன். டிரைவருக்கு ஐம்பது வயது இருக்கும், தலையில் மப்ளர். என்னைப் பார்த்துவிட்டுக் கார்டைப் பார்த்தார். கார்டு, “அந்தப் பொண்ணோட அம்மாப்பா. எம்மக எங்கன்னு கேக்குது” என்றார்.

“அட, நாகல் நகர் போய்க் கடையைத் தேடணும்னு நெனச்சேன், எதுக்கவே நிக்கிறீக” என்றார் அவர். “பாப்பா பள்ளிக்கூடத்துல பாடம் எடுத்துக்கிட்டு இருக்கு தாயி. பதினாலாவது வளைவுல வண்டி சுத்தமா செத்துப்போச்சு. ‘அண்ணே, நான் போகலைன்னா பிள்ளைக மலையில சிதறிரும்’னு நின்னுச்சு. எறங்கிக்கிட்டு இருந்த ஜீப்பை லோடோட திருப்பிக்கிட்டுக் கொண்டுபோய் விட்டுட்டு வாரேன். அவசரத்துல சோத்துப் பையை மறந்துருச்சு. ‘அதை நீங்க சாப்புடுங்கண்ணே, ஸ்கூல்ல சத்துணவு இருக்கு’ன்னுச்சு. உருளைக்கிழங்கு நல்லா இருந்துச்சு தாயி.”

நான் ஜீப்பின் மட்கார்டில் உட்கார்ந்துவிட்டேன். கார்டு தண்ணீர் பாட்டிலை நீட்டினார்.

டிரைவர் கயிற்றை அவிழ்க்கப் போனவர் பாதியில் திரும்பினார்.

“உங்ககிட்ட ஒண்ணு கேக்கச் சொல்லுச்சு. நான் மறந்துருவேன்னு என்னைய ரெண்டு தடவ சொல்ல வச்சுக் கேட்டுக்கிச்சு. வண்டி ஆறுனா ஓடுதாம், சூடானா நிக்குதாம். காயிலு பெட்டிக்குள்ள எத்தனை மணி நேரம் இருந்துச்சுன்னு கேக்க வேண்டாமாம். பல்ப்பு எத்தனை மணி நேரம் எரிஞ்சுச்சுன்னு அம்மாகிட்ட கேளுங்கன்னுச்சு.”